மேடையில் மாலை, கட்டிலுக்கடியில் டின்

கெடா மாநிலத்துத் தோட்டம் ஒன்றில் செம்பனை உதிரிப் பழம் பொறுக்கும் சகோதரி ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். தம் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருப்பதால் போடவில்லை. பள்ளிக்கூட நோட்டிலிருந்து கிழித்த மூன்று தாள்கள். இரண்டரைத் தாள் வரை மகிழ்ச்சி. கடைசி அரைத் தாளில்தான் விஷயம்.

அவர் சத்து மாவும் சத்து மாத்திரையும் விற்கும் நேரடி விற்பனை நிறுவனம் ஒன்றில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறதாம். போன மாதம் பட்டணத்து ஓட்டல் ஒன்றில் சிறந்த விநியோகஸ்தர்களுக்குப் பாராட்டு விழா நடந்திருக்கிறது. தோட்டத்திலிருந்து ஒரு பஸ் பிடித்துப் போயிருக்கிறார்கள். "ஐயா, என் பேரை மைக்கில கூப்பிட்டாங்க. நான் யாரையோன்னு நெனச்சி உக்காந்திருந்தேன். பக்கத்துல இருந்த அக்கா தள்ளி விட்டாங்க. மேல ஏறினதும் மாலை போட்டாங்க, பட்டுத் துண்டு மாதிரி ஒன்னு தோளுல போட்டாங்க, சட்டையில ஊசி குத்தினாங்க. ஐந்நூறு பேர் கை தட்டினாங்க. எம்மவன் கைத்தொலைபேசியில புடிச்சி வச்சிருக்கான். தெனமும் போட்டுப் பாக்குறேன்" என்று எழுதியிருக்கிறார்.

கடைசி அரைத் தாளில் அவர் கேட்டிருப்பது இது: "கட்டிலுக்கடியில பதினஞ்சு டின் இருக்கு. வீட்டுக்காரர் பேச மாட்டேங்கிறார். நான் ஜெயிச்சேனா தோத்தேனா, நீங்களே சொல்லுங்க."

இந்தக் கடிதத்தைப் படித்துச் சிரிக்கக்கூடியவர்கள் இருக்கிறார்கள். நாம் சிரிக்கமாட்டோம். தோட்டத்தில் பிறந்து தோட்டத்தில் வளர்ந்த ஒரு பெண்ணின் பெயரை உரக்கக் கூப்பிடும் இடம் எது என்று ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் கூப்பிடுவார்கள். அங்கே வந்திருக்கிறாளா இல்லையா என்று பார்ப்பதற்குத்தான் பெயர். சம்பள நாளில் கூப்பிடுவார்கள், அதையும் இப்போது பேங்கில் போட்டுவிடுவதால் அந்தக் குரலும் இல்லை. நம்முடைய கோயில் திருவிழாவில் மாலை யாருக்கு? தேர்தலுக்குத் தேர்தல் வரும் பிரமுகருக்கு. ஆயிரம் வெள்ளி நன்கொடை கொடுத்த குத்தகைக்காரருக்கு. பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாவில் பெற்றோர் பின்வரிசையில் நிற்பார்கள். முப்பது வருடம் பால் மரம் வெட்டிய கைக்கு, மேடை ஏறி ஒரு துண்டு போடவேண்டும் என்று நமது சங்கங்களுக்கும் மன்றங்களுக்கும் தோன்றியதில்லை. தோன்றியிருந்தால் அந்தச் சகோதரி அன்றைக்குத் தன் பெயரை யாரோ பெயர் என்று நினைத்து உட்கார்ந்திருக்கமாட்டார்.

ஆகவே, அந்த நிறுவனம் ஒன்றைச் சரியாகப் புரிந்து வைத்திருக்கிறது. நாம் கொடுக்கத் தவறியதை அது கொடுக்கிறது. இதை ஒப்புக்கொள்ளாமல் மேற்கொண்டு எழுதுவது நேர்மையாகாது.

ஆனால், எதற்காகக் கொடுக்கிறது? கேள்வி அங்கேதான்.

கடிதத்தில் அவர் கொடுத்திருக்கும் கணக்கை நாம் காகிதத்தில் போட்டுப் பார்த்தோம். ஒரு டின் வெளி விலை 120 வெள்ளி. உறுப்பினருக்கு 96 வெள்ளி. விருதுக்குரிய படியைப் பிடிக்க மூன்று மாதத்தில் 30 டின் எடுத்திருக்கிறார். அதற்கு 2,880 வெள்ளி. சேரும்போது வாங்கிய பெட்டிக்கு 60. விழா டிக்கெட் 80, பஸ்ஸுக்கு 30. மொத்தம் கையைவிட்டுப் போனது 3,050 வெள்ளி. விற்றது 12 டின். அதில் இரண்டு டின் கடன், "சம்பளம் போட்டதும் தர்றேன் அக்கா" என்ற கடன். கைக்கு வந்தது 1,200. நிறுவனம் போட்ட ஊக்கத்தொகை எல்லாம் சேர்த்து 210. ஆக வந்தது 1,410. மூன்று டின் வீட்டிலேயே கரைத்துக் குடித்தாயிற்று. பாக்கி 15 டின் கட்டிலுக்கடியில்.

துண்டு விழுவது 1,640 வெள்ளி. 2025 பிப்ரவரியிலிருந்து நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏறக்குறைய ஒரு மாதம் முழுக்கக் குனிந்து குனிந்து உதிரி பொறுக்கிய கூலி. இத்தனைக்கும் இவர் அந்தக் கூட்டத்தில் "சிறந்த" விநியோகஸ்தர். மேடை ஏறாதவர்கள் கணக்கு எப்படி இருக்கும்?

இப்போது விளங்குகிறதல்லவா? அன்றைக்கு மேடையில் பாராட்டப்பட்டது விற்பனை அல்ல, வாங்கியது. நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தில் அந்த 30 டின்னும் அவர் 2,880 வெள்ளி கட்டிய அன்றே விற்றுப்போயின. அதற்குப் பிறகு டின் யார் வீட்டு அலமாரியில் இருக்கிறது, யார் குடித்தார், யார் காசு கொடுத்தார் என்ற கவலை அந்தப் புத்தகத்துக்குக் கிடையாது. 'பாயிண்ட்' என்று இவர்கள் சொல்வது வாங்கிய சரக்குக்குத்தான். மாதம் 28, 29 தேதி ஆனால் 'அப்லைன்' தொலைபேசியில் கூப்பிடுவார்: "அக்கா, இன்னும் மூணு டின் எடுத்தா படி நிக்கும், இல்லேன்னா எறங்கிடும், இவ்வளவு தூரம் வந்துட்டு விடலாமா?" இப்படித்தான் கட்டிலுக்கடியில் டின் சேருகிறது. யாரும் பதினைந்து டின்னை ஒரே நாளில் வாங்கி அடுக்குவதில்லை. மும்மூன்றாக வருகிறது.

ஒரு வார்த்தையை இங்கே சொல்லிவிடவேண்டும். நேரடி விற்பனை என்றாலே மோசடி என்று நாம் எழுதவில்லை. அம்வே போன்ற நிறுவனங்கள் 1976-லேயே இந்நாட்டில் கால் வைத்தவை. நேரடி விற்பனைக்கென்று 1993-ஆம் ஆண்டில் தனிச் சட்டமே வந்தது. பிறகு செய்த திருத்தத்தில் பிரமிட் திட்டங்களைத் தடை செய்யும் விதிகளும் அதில் சேர்ந்தன. உரிமம் பெற்று, நல்ல பொருளை, நியாயமான விலைக்கு வீடு வீடாகக் கொண்டுபோய் விற்பதில் குற்றம் என்ன இருக்கிறது? புடவை மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு லயம் லயமாக வந்த வியாபாரியை நம்முடைய தாய்மார்கள் மறந்திருக்கமாட்டார்கள். அவரும் நேரடி விற்பனைக்காரர்தான். ஆனால் அவர் நம் அம்மாவிடம் வந்து, "நீங்களும் ஆறு மூட்டை புடவை எடுங்க, மாலை போடுறேன்" என்று சொன்னதில்லை.

நமக்குத் தெரிந்த ஓர் அம்மா இருக்கிறார். பேராக்கில், தோட்டத்தை விட்டு வெளியேறி மலிவு விலை அடுக்குமாடியில் குடியிருப்பவர். இதே மாதிரிச் சத்துப் பொருள்தான் விற்கிறார். நாற்பது வீடு அவருக்கு வாடிக்கை. யாருக்கு எது தீர்ந்துபோயிருக்கும் என்று மனத்திலேயே கணக்கு. கேட்டவருக்கு மட்டும் எடுத்து வருவார், வீட்டில் ஒரு டின் கூடச் சேர்த்து வைக்கமாட்டார். "சர்க்கரை மாத்திரையை நிறுத்திடாதீங்க, இது அதுக்கு பதில் இல்ல" என்று சொல்லித்தான் கொடுப்பார். மாதம் முந்நூறு, முந்நூற்றைம்பது வெள்ளி நிற்கிறது என்கிறார். பேத்தியின் டியூஷன் செலவு அதில்தான் நடக்கிறது. பன்னிரண்டு வருடமாக விற்கும் இவரை ஒரு தடவை கூட மேடைக்குக் கூப்பிட்டதில்லை. காரணம் கேட்டோம். "நான் யாரையும் கீழ சேக்கல சார். எனக்குப் படியே கிடையாது" என்றார், சிரித்துக்கொண்டே.

உண்மையான சிறந்த விநியோகஸ்தர் யார் என்று நம்மைக் கேட்டால், இந்த அம்மாவைத்தான் காட்டுவோம்.

இது ஏதோ தோட்டப்புறத்து ஏழைகளின் புலம்பல் என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். இந்த வியாபாரம் பிறந்து வளர்ந்த அமெரிக்காவிலேயே இதே கேள்வி எழுந்தது. அங்குள்ள கூட்டரசு வாணிப ஆணையம் 2016-இல் ஹெர்பலைஃப் என்ற பெரிய சத்துணவு நிறுவனத்தின்மேல் நடவடிக்கை எடுத்தது. நிறுவனம் 200 மில்லியன் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. ஏறக்குறைய மூன்றரை லட்சம் பேருக்கு அந்தப் பணம் காசோலையாகப் போய்ச் சேர்ந்தது. பணத்தைவிட முக்கியம் அந்த உடன்பாட்டில் இருந்த ஒரு நிபந்தனை. விநியோகஸ்தருக்குக் கொடுக்கும் வெகுமதியில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு, வெளியாருக்கு உண்மையில் விற்றதாகச் சரிபார்க்கப்பட்ட விற்பனையின் பேரில்தான் இருக்கவேண்டும் என்றது ஆணையம். அதாவது கட்டிலுக்கடியில் இருக்கும் டின்னைக் கணக்கில் சேர்க்காதே என்பதுதான் அதன் பொருள். நம் கெடா சகோதரி அரைத் தாளில் கேட்டதைத்தான் அவர்கள் வக்கீல் வைத்துக் கேட்டிருக்கிறார்கள்.

அதே ஆணையம் 2024 செப்டம்பரில் இன்னோர் அறிக்கை வெளியிட்டது. எழுபது நிறுவனங்கள் தாங்களே வெளியிட்ட வருமானப் பட்டியல்களை எடுத்துப் பார்த்தார்கள். சேர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஒரு வருடத்தில் கிடைத்தது ஆயிரம் டாலர் அல்லது அதற்கும் குறைவு. மாதத்துக்கு அல்ல, வருடத்துக்கு. அதிலும் பெரும்பாலான பட்டியல்களில் பஸ் செலவு, டிக்கெட் செலவு, வாங்கிய சரக்கின் செலவு கழிக்கப்படவில்லை. நிறுவனமே அச்சடித்துக் கொடுத்த கணக்கு இது. மேடையில் ஏறும் பத்துப் பேரைக் காட்டி, கீழே உட்கார்ந்திருக்கும் நானூற்றுத் தொண்ணூறு பேரைப் பார்க்கவிடாமல் செய்வதற்குத்தான் விளக்கு அவ்வளவு வெளிச்சமாகப் போடுகிறார்கள் போலும்.

பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். இன்னொன்று இருக்கிறது, அதைப் பற்றி நாம் கொஞ்சம் கடுமையாகவே எழுதவேண்டியிருக்கிறது.

இந்த விழாக்களில் மாலை போட்ட பிறகு மைக்கைக் கையில் கொடுத்து, "உங்க அனுபவத்தைச் சொல்லுங்க" என்பார்கள். ஒருவர் எழுந்து, "எனக்குப் பத்து வருஷமா இனிப்பு நீர். இதைக் குடிக்க ஆரம்பிச்சேன், மருந்தை விட்டுட்டேன், இப்போ ஒன்னும் இல்ல" என்பார். கைதட்டல் கூரையைப் பிளக்கும். அந்தக் கைதட்டலில் உட்கார்ந்திருக்கும் இன்னொருவர் வீட்டுக்குப் போய்த் தம் மாத்திரைப் பையை மூலையில் வைத்துவிடுகிறார். சிறுநீரகமும் காலும் போனபிறகு மேடையில் பேசியவரைத் தேடி எங்கே போவது?

நாட்டில் பெரியவர்களில் ஏறக்குறைய ஆறு பேருக்கு ஒருவருக்கு நீரிழிவு இருப்பதாக 2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு சொல்கிறது. நம் வீடுகளில் இதை ஆய்வு சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. எந்த லயத்தில் கதவைத் தட்டினாலும் காலில் கட்டுப் போட்ட ஒருவர் திண்ணையில் இருக்கிறார். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி. டாக்டர் பார்ப்பது, மருந்து எல்லாம் அதில் அடக்கம். அந்த ஒரு வெள்ளி மருந்தை விட்டுவிட்டு 120 வெள்ளி டின்னை நம்பச் சொல்வதற்குப் பெயர் வியாபாரம் அல்ல.

சட்டமும் இதை அனுமதிக்கவில்லை. 1956-ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் இருபது வகை நோய்களைப் பட்டியலிட்டிருக்கிறது. நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, புற்றுநோய், இருதய நோய், சிறுநீரக நோய், ஆஸ்துமா எல்லாம் அதில் உண்டு. இவற்றைக் குணப்படுத்தும் என்று எந்தப் பொருளையும் விளம்பரம் செய்யக்கூடாது. "டின்னில் எம்.ஏ.எல். நம்பர் இருக்கே ஐயா" என்று கேட்பவர்கள் உண்டு. சரிதான். அந்த நம்பர் அவசியம் இருக்கவேண்டும், இல்லாத சத்து மாத்திரையைத் தொடவே கூடாது. ஆனால் சுகாதார அமைச்சில் அந்தப் பொருள் பதிவாகியிருக்கிறது என்பதற்குத்தான் அது அடையாளம். நம் மாமாவின் இனிப்பு நீரைக் குணமாக்கும் என்பதற்கு அத்தாட்சி அல்ல. கார் ரோட்டில் ஓடலாம் என்று கொடுக்கும் நம்பரை வைத்துக்கொண்டு கார் பறக்கும் என்று சொல்ல முடியுமா?

தோட்டத்தில் இந்த வியாபாரம் ஏன் இவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்பதற்கு இன்னொரு காரணம், நாம் எல்லாரும் உறவு. பட்டணத்தில் கதவைச் சாத்திவிடலாம். லயத்தில் கொழுந்தியா வந்து, "அண்ணி, எனக்காக ஒரு டின்" என்றால் கதவைச் சாத்த முடியுமா? முதல் 'டவுன்லைன்' எப்போதும் மச்சினியும் சித்தப்பா மகளுந்தான். அவர்கள் நட்டப்பட்டால் அது வியாபார நட்டமாக நிற்பதில்லை. அடுத்த கல்யாணத்தில் பந்தியில் முகம் திருப்பிக்கொள்வது வரை போகிறது. கூட்டுக் கட்டிக் கூட்டுத் தலைவி ஓடிப்போன கதைகள் நம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அதனால் எத்தனை குடும்பம் பேச்சுவார்த்தை அற்றுப்போயின! கூட்டு நடத்துவதையே அரசாங்கம் 1971-இல் சட்டம் போட்டுத் தடுத்தது. நேரடி விற்பனை அப்படித் தடுக்கப்பட்ட ஒன்றல்ல. ஆனால் சொந்தக்காரரின் சங்கோஜத்தை முதலாக வைத்துச் செய்யும் வியாபாரம் என்பதில் இரண்டுக்கும் ஒற்றுமை இருக்கிறது.

இதை எழுதும்போது நமக்கு இன்னொரு கதவுத் தட்டல் நினைவுக்கு வருகிறது. 1960-இல் தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் கொண்டிருந்த நேரம், துன் சம்பந்தன் அவர்கள் தோட்டந் தோட்டமாகப் போய் மாதம் பத்து வெள்ளி கேட்டார். தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் அப்படித்தான் உருவாயிற்று. அந்தப் பத்து வெள்ளியும் தோட்டத் தொழிலாளிக்கு அன்றைக்குப் பெரிய காசுதான். ஆனால் கொடுத்தவனுக்குப் பங்கு இருந்தது, ரசீது இருந்தது. பிறகு கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. யாருக்கும் மாலை போடவில்லை. கூட்டுறவின் பிற்காலத்தைப் பற்றிப் பலருக்குப் பலவிதமான மனக்குறைகள் உண்டு, அதை வேறொரு நாள் பேசலாம். இங்கே சொல்ல வந்தது, கொடுத்த காசுக்கு மண் இருந்தது என்பதுதான்.

சரி, கடிதம் எழுதிய சகோதரிக்கு என்ன பதில் சொல்வது?

அம்மா, நீங்கள் தோற்கவில்லை. மைக் முன்னால் நிற்கப் பயப்படாமல் நின்றீர்கள். பன்னிரண்டு டின்னை வீடு ஏறி இறங்கி விற்றீர்கள். மூன்று மாதக் கணக்கைக் காசு பிசகாமல் எழுதி வைத்திருக்கிறீர்கள். இது எல்லாராலும் ஆகாத காரியம். மகன் எடுத்த படத்தை அழிக்கவேண்டாம். ஆனால் ஜெயித்தது யார் என்றால், அந்தப் பதினைந்து டின்னுக்கும் உங்களிடம் முன்கூட்டியே பணம் வாங்கிக்கொண்டவர்கள்தான். வீட்டுக்காரரிடம் அந்த மூன்று தாளையும் அப்படியே படித்துக் காட்டுங்கள். அவர் கோபம் டின்னின்மேல் என்றுதான் நமக்குப் படுகிறது, உங்கள்மேல் அல்ல.

அடுத்தபடியாக, டின்களை வெளியே எடுத்துக் காலாவதித் தேதியைப் பாருங்கள். சேரும்போது கொடுத்த விதிப் புத்தகத்தை எடுத்து, விற்காத சரக்கைத் திருப்பி எடுத்துக்கொள்வது பற்றி என்ன எழுதியிருக்கிறது, எத்தனை மாதத்துக்குள் என்று மகனைப் படிக்கச் சொல்லுங்கள். பல நிறுவனங்களின் புத்தகத்தில் அப்படி ஒரு விதி இருக்கும். மேடையில் அதை யாரும் வாசிக்கமாட்டார்கள். பிரிக்காத டின்களைத் திருப்பிக் கொடுக்க விரும்புவதாக வாயால் சொல்லாமல் கடிதமாக எழுதிக் கொடுங்கள், ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். இழுத்தடித்தால் உள்நாட்டு வாணிப அமைச்சின் அலுவலகத்தில் புகார் எழுதலாம். நிறுவனத்துக்கு நேரடி விற்பனை உரிமம் இருக்கிறதா என்பதையும் அங்கேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இனிமேல் சேர இருப்பவர்களும் இதைக் கேளுங்கள். கையெழுத்துப் போட்ட பிறகு மனம் மாறினால் ரத்து செய்ய 10 வேலை நாள் அவகாசம் உண்டு. அந்தப் பத்து நாளும் கழியட்டும் என்று உங்களை விழா, பயிற்சி என்று ஓட்டிக்கொண்டே இருப்பார்கள், கவனம்.

அடுத்த மாதம் இன்னொரு விழா வருகிறது, இன்னும் ஒரு படி ஏறினால் பெரிய மெடல் என்கிறார்கள், பஸ்ஸுக்கு முப்பது வெள்ளி கட்டட்டுமா என்றும் அவர் ஓரத்தில் எழுதியிருக்கிறார். பணம் கட்டுவதற்கு முன்னால் உங்கள் 'அப்லைன்' அக்காவிடம் ஒன்று கேளுங்கள். மேடையில் பெயர் வாசிக்கும்போது, இவர் எத்தனை டின் வாங்கினார் என்பதற்குப் பதில், எத்தனை டின் யாருக்கு விற்றார், கையில் மிச்சம் எத்தனை என்று வாசிப்பார்களா? வாசிப்பதாக இருந்தால் போய் வாருங்கள், நாமும் வந்து கை தட்டுகிறோம். அவர் என்ன பதில் சொன்னார் என்று எழுதுங்கள், இதே பகுதியில் போடுகிறோம்.